வேளைக்கு உணவு, நெஞ்சுக்கு அமைதி

பெரிய சிவாலயங்களில் நாள்தோறும் நடைபெறும் பூஜைகளில் ஓர் அரிய ஒழுங்கு உண்டு. விடியலில் திருவனந்தலில் தொடங்கி, காலசந்தி, உச்சிக்காலம், சாயரட்சை என்று சென்று, அர்த்தஜாமத்தில் பள்ளியறைச் சேவையுடன் அன்றைய வழிபாடு நிறைவுறுகிறது. உரிய வேளையில் நைவேத்தியம். உரிய வேளையில் நடை சாத்துதல். பசியும் உறக்கமும் அற்ற பரம்பொருளுக்கு இவை எதற்கு என்று கேட்டால், இறைவனுக்கு அன்று, அவனை வணங்க வரும் மனிதனுக்கே இந்த ஒழுங்கு என்பதே விடை. வேளை தவறாத உணவும் ஓய்வும் மனத்தை நிலைநிறுத்தும் என்பதை ஆலயம் நாள்தோறும் சொல்லாமல் சொல்கிறது.

பகவத்கீதையின் 6ஆம் அத்தியாயம், உணவிலும் உழைப்பிலும் உறக்கத்திலும் விழிப்பிலும் அளவறிந்து நடப்பவனுக்கே யோகம் துன்பத்தைத் தீர்க்கும் என்கிறது. திருக்குறளில் ‘மருந்து’ என்னும் 95ஆம் அதிகாரத்தைத் திறந்தால், அங்கே பேசப்படுவது பெரிதும் உணவே. முன் உண்டது செரித்தபின், பசியறிந்து, அளவோடு உண்பதே வள்ளுவர் காட்டும் மருத்துவம்.

இந்த அளவு எங்கே தவறுகிறது என்பதை அறியத் தாமிரபரணிக்குத் தெற்கே உள்ள மேலப்பாளையத்தைப் பார்க்கலாம். தனி நகராட்சியாக இருந்து, 1994இல் திருநெல்வேலி மாநகராட்சியோடு இணைந்த ஊர் இது. இசுலாமியர் பெரும்பான்மையாக வாழும் இவ்வூரில் ஒரு காலத்தில் கைத்தறி ஓசை ஓயாது கேட்டது. பின்னர்ப் பீடி சுற்றுதல் பரவியது. இங்கும் நெல்லைச் சீமையின் பல சிற்றூர்களிலும், எல்லாச் சமயத்துப் பெண்களும் வீட்டிலிருந்தபடியே இத்தொழிலைச் செய்து குடும்பத்தைத் தாங்குகின்றனர். இலையை நறுக்கித் தூளை இட்டுச் சுருட்டி நூலால் கட்ட வேண்டும். கூலியோ ஆயிரம் என்ற எண்ணிக்கைக் கணக்கில். மடியிலுள்ள தட்டை விட்டு எழும் ஒவ்வொரு நிமிடமும் வருமானக் குறைவு. ஆகவே காலை உணவு தள்ளிப்போகிறது; அதன் இடத்தைத் தேநீர் பிடிக்கிறது. குனிந்த கழுத்து நிமிர்வதில்லை. இரவு எல்லோரும் உண்டபின் மிஞ்சியதை உண்டு, வீட்டு வேலை முடித்துப் படுக்கும்போது நள்ளிரவு நெருங்கிவிடுகிறது. தொழில்தான் வேறு, கடைக்காரர், பேருந்து ஓட்டுநர், கணினி முன் அமர்பவர் எனப் பலருடைய நாளும் இப்படித்தான் கழிகிறது.

உடலுக்குள் அப்போது நிகழ்வது என்ன? நெருக்கடி நேரும்போது அட்ரினலின், கார்டிசால் முதலிய சுரப்புகள் மிகுகின்றன. இதயம் விரைகிறது; ரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது. ஆபத்திலிருந்து தப்புவதற்கு இறைவன் அளித்த காப்பு இது. ஆனால் நெடுநேரப் பட்டினியால் ரத்தச் சர்க்கரை தாழும்போதும் உடல் இதே சுரப்புகளைத்தான் அழைக்கிறது. கைநடுக்கம், படபடப்பு, சிறு சொல்லுக்கும் சீற்றம் ஆகியவை அதன் அடையாளங்கள். பிள்ளைகள்மேல் விழும் கோபத்தில் ஒரு பங்கு, உண்ணாத காலை உணவிலிருந்து வந்ததாகவும் இருக்கலாம்.

தேநீரிலும் காபியிலும் உள்ள காபீன், உடலில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் பிடிக்கும். மாலை 6 மணிக்குக் குடித்ததில் பாதி, இரவு 11 மணிக்கும் உறக்கத்தைத் தடுத்து நிற்கும். உணவோடு சேர்த்து அருந்தும் தேநீர், உணவிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வதையும் குறைக்கும். ரத்தசோகை உள்ள பெண்களுக்கு வரும் சோர்வும் நெஞ்சுப் படபடப்பும் மனக்கவலை என்றே பல வீடுகளில் எண்ணப்படுகின்றன. ஒரு ரத்தப் பரிசோதனை உண்மையைக் காட்டிவிடும்.

விரதத்திலும் இந்த விழிப்பு வேண்டும். ஏகாதசியன்று உண்ணாதிருந்தவர்கள் துவாதசியில் அகத்திக்கீரையும் நெல்லிக்காயும் சேர்த்துப் பாரணை செய்வது மரபு. கீரையின் இரும்புச்சத்தை உடல் ஏற்க நெல்லியின் வைட்டமின் சி துணைபுரிகிறது. மேலப்பாளையத்தில் ரமலான் மாத மாலைகளில், அரிசியும் பருப்பும் வெந்தயமும் பூண்டும் தேங்காய்ப் பாலும் சேர்த்த நோன்புக் கஞ்சியால் நோன்பைத் திறக்கின்றனர். வழிபாடு வேறாயினும், வெறும் வயிற்றுக்கு மென்மையானதை முதலில் தரவேண்டும் என்னும் அறிவு ஒன்றே. விரதம் முடிந்ததும் வடையும் அப்பமும் வயிறு நிறைய உண்பது விரதத்தின் பயனைக் குலைக்கும். நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொள்பவர்கள் மருத்துவரைக் கேளாமல் உபவாசம் இருத்தல் ஆகாது. உடலை வருத்தி மயங்கி விழுவதை எந்தத் தெய்வமும் கேட்பதில்லை.

அன்றாடத்திற்குச் சில எளிய நெறிகள் போதும். காலையில் பழைய சோறும் மோரும் சின்ன வெங்காயமும், அல்லது கேழ்வரகுக் கூழோ இட்லியோ, வேளை தவறாமல் உண்ணலாம். உணவுக்கும் தேநீருக்கும் இடையே ஒரு மணி நேரமாவது விட்டு, மாலைக்குப் பின் தேநீரைத் தவிர்ப்பது நன்று. இரவு உணவைப் படுக்கைக்கு இரண்டு மணி நேரம் முன்னரே முடித்து, ஏழு மணி நேரமேனும் உறங்க வேண்டும். அமர்ந்து உழைப்பவர்கள் மணிக்கு ஒருமுறை எழுந்து நடப்பது கழுத்துக்கும் முதுகுக்கும் ஆறுதல். வாரத்திற்கு 150 நிமிட மிதமான உடலுழைப்பை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. கோயில் பிராகாரத்தை அன்றாடம் சற்று விரைந்த நடையில் வலம்வருவோர்க்கு இதில் பெரும்பகுதி தானே நிறைவேறும். சந்நிதியில் கண்மூடி மெல்ல மூச்சை விடும்போது நாடித்துடிப்பு தணிவதைத் தாமே உணரலாம்.

கடனும் குறைந்த கூலியும் தரும் கவலையை உணவு ஒன்றே தீர்த்துவிடாது என்பதும் உண்மை. ஆயினும் உண்டு உறங்கிய உடலே அவற்றை எதிர்த்து நிற்கும். அந்த வலிமையை வீட்டுப் பெண்ணுக்குத் தருவது குடும்பத்தாரின் கடமை. ஆலயத்தில் அம்பாளுக்கு வேளை தவறாமல் நைவேத்தியம் ஆக வேண்டும் என்று நினைப்பவர்கள், அடுக்களையில் நிற்பவள் உண்டாளா என்று கேட்பதும் வழிபாடே. உறக்கமின்மையும் துயரமும் வாரக்கணக்கில் நீடித்தால் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவை நாடலாம். ‘டெலி மானஸ்’ உதவி எண்ணான 14416ஐ எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம்.

இன்றிரவு எல்லோரும் ஒன்றாக அமர்ந்து, பரிமாறுபவளுக்கும் ஓர் இலை போட்டு உண்ணட்டும். அந்த வீட்டில் அமைதி தானே வந்து குடியேறும்.