வாப்பாவின் ஜீப்பும் கடையின் கணக்கும்

எமது வர்த்தகர்கள் கடையில் தேங்கிய சரக்கை வந்த விலைக்கு விற்றுவிடத் தயங்குவதில்லை. அலுமாரியில் முதல் முடங்கிக் கிடக்கக் கூடாது என்பது எமக்குச் சின்ன வயதிலேயே சொல்லித் தரப்பட்ட பாடம். ஆனால் வீட்டு முற்றத்தில் நிற்கும் பழைய ஜீப் விடயத்தில் மட்டும் இந்தப் பாடத்தை நாம் மறந்துவிடுகிறோம். யாரையும் குறை சொல்வதற்காக இதனை எழுதவில்லை. பதினொரு வருடங்கள் அதே பிழையைச் செய்தவன் என்ற முறையிலேயே எழுதுகிறேன்.

ஒரு காலத்தில் மலைப்பிரதேச வர்த்தகர்களுக்கு ஜீப் இல்லாமல் வியாபாரம் இல்லை. லேண்ட் ரோவரும், 4டீஆர்5 என்று எஞ்சினின் பெயராலேயே அழைக்கப்படும் மிட்சுபிசி ஜீப்பும் அன்று பெரும் மதிப்புப் பெற்றிருந்தன. எங்களுடையதும் அக்காலத்து டீசல் ஜீப் ஒன்றுதான். வாப்பா மாத்தளையில் மிளகு, கராம்பு, கொக்கோ வியாபாரம் செய்தார். மழைக்காலத்தில் இறத்தோட்டைப் பக்கத்து ஏற்றங்களில் லொறிக்காரர்கள் ஏறமாட்டார்கள். நான்கு சில்லும் இழுக்கும் ஜீப் வைத்திருந்தவர் முதலில் மேலே போய்ச் சேர்ந்தார். நல்ல சரக்கும் அவருக்கே கிடைத்தது. அன்று அந்த ஜீப் ஆடம்பரமல்ல, வியாபாரத்தின் முதல்.

இன்று நிலைமை என்ன? நாங்கள் போய்வந்த பாதைகளில் பெரும்பாலானவற்றுக்குத் தார் போட்டாயிற்று, அல்லது கொங்கிறீட் இட்டாயிற்று. தோட்டக்காரர் தொலைபேசியில் விலை கேட்டுவிட்டு, முச்சக்கர வண்டியில் மூடையைத் தானே கொண்டுவந்து இறக்குகிறார். எங்கள் ஜீப் கடைசி வருடத்தில் மலை ஏறியது நான்கே நான்கு தடவைதான். மற்ற நாட்களில் அது ஓடியது கடைக்கும் வங்கிக்கும் கண்டிக்குமாகத்தான். நான்கு நாள் தேவைக்காக மீதி முந்நூற்று அறுபது நாளும் ஒரு மலை வண்டியை நகரத்தில் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் காலையில் உம்மாவைக் கண்டிக்குக் கிளினிக் கூட்டிச் செல்ல வேண்டியிருந்தது. முழங்கால் வருத்தம் உள்ள அவரை ஒரு சிறிய பலகை வைத்துத்தான் ஜீப்பில் ஏற்றுவோம். அன்று ஏற்றி உட்கார வைத்த பிறகு ஜீப் ஸ்டார்ட் ஆகவில்லை. குறை வண்டியில் அல்ல, அதன் வயதில். மீண்டும் பலகை வைத்து இறக்கும்போது உம்மா சொன்னார்: "வாப்பா இருந்திருந்தா இத எப்பவோ வித்திருப்பாரு மகன்." வாப்பாவின் நினைவாக வைத்திருக்கிறேன் என்று ஊருக்கெல்லாம் சொல்லித் திரிந்த எனக்கு அது பெரிய அடி. அவர் ஒரு வியாபாரி என்பதை நானல்லவா மறந்திருந்தேன்!

அன்றிரவு கணக்குப் போட்டேன். மாதம் 1,500 கிலோமீற்றர் ஓட்டம். ஜீப் லீற்றருக்கு 8 கிலோமீற்றர் ஓடியது. 187 லீற்றர் தேவை. சிறிய வேன் லீற்றருக்கு 14 கிலோமீற்றர் ஓடினால் 107 லீற்றர் போதும். மிச்சம் 80 லீற்றர். லீற்றர் 300 ரூபா என்று வைத்துக்கொண்டால் மாதம் 24,000 ரூபா. இதற்கு மேலே கராஜ் செலவு. பஞ்சிகாவத்தையில் ஒரு உதிரிப்பாகத்தைத் தேடி அலைந்த நாட்களை நான் எந்தப் புத்தகத்திலும் பதியவில்லை. வருடாந்தம் புகைப் பரிசோதனைக்கு முன்னர் ஏற்படும் தலையிடியையும் பதியவில்லை. உண்மையில் பெரிய நட்டம் அங்கேதான் இருந்தது.

எனினும் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். எரிபொருளில் மிச்சம் பிடிக்கிறேன் என்று மாதம் ஒரு இலட்சம் ரூபா லீசிங் கட்டும் வாகனத்தை எடுப்பவர் மிச்சம் பிடிக்கவில்லை. 24,000 ரூபாவுக்காக ஒரு இலட்சத்தை இழக்கிறார். ஜீப்பை விற்ற பணத்துடன் கையிலுள்ளதைச் சேர்த்து வாங்கக்கூடிய வாகனமே பொருத்தமானது. கடன் தவிர்க்க முடியாததாயின், வட்டியைத் தவிர்க்க விரும்புவோருக்கு இஜாரா போன்ற முறைகள் உண்டு. ஆனால் தவணை எந்தப் பெயரில் வந்தாலும் அது தவணைதான். கல்யாண வீட்டு வாசலில் நிறுத்துவதற்காக வாகனம் தெரிவு செய்யாதீர்கள்.

"அவசரப்பட்டு விற்றவர்கள் கைசேதப்பட்டார்களே" என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபின் பழைய வாகனங்களின் விலை எங்கோ போயிற்று. 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்குக் கதவு திறந்தது. ஆனால் அதே காலத்தில்தான் 2021 டிசம்பரில் 121 ரூபாவாக இருந்த ஓட்டோ டீசல் 2022 ஜூன் இறுதியில் 460 ரூபாவானது. முற்றத்தில் விலை ஏறிய ஜீப்பை, எரிபொருள் வரிசையில் தள்ளிக்கொண்டு போனவர்கள் நாம். விற்காத வாகனத்தின் விலையேற்றம் வீட்டுக்குச் சோறு போடாது.

மாற்ற நினைப்போருக்குச் சில விடயங்கள்.

பழைய ஜீப்களில் எஞ்சின் மாற்றப்பட்டிருப்பது சாதாரணம். எஞ்சின் இலக்கமும் செசி இலக்கமும் பதிவுப் புத்தகத்துடன் ஒத்துப்போகின்றனவா என்று விற்பதற்கு முன்னரே பாருங்கள். திறந்த பத்திரத்தில் கையொப்பமிட்டு வாகனத்தைக் கொடுத்துவிடாதீர்கள். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் உரிமை மாற்றம் நடக்கும் வரை பதிவில் இருப்பது உங்கள் பெயர்தான். நாளை ஒரு விபத்து நடந்தால் பொலிஸார் உங்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டுவர். வாங்கும்போது, பதிவுப் புத்தகத்தில் முழு உரிமையாளராக ஏதேனும் நிதி நிறுவனம் குறிக்கப்பட்டுள்ளதா எனக் கவனியுங்கள். ஹைபிரிட் வாகனமானால் பற்றரியைப் பரிசோதித்துப் பார்க்காமல் முற்பணம் கொடுக்க வேண்டாம். சரக்கு ஏற்றுபவருக்கு வேன் அல்லது சிறிய லொறி. குடும்பத்துக்கும் வங்கிக்கும் மட்டும் ஓடுபவருக்குச் சிறிய கார் போதும்.

மலைப் பாதையில் இன்றும் அன்றாடம் ஏறி இறங்குபவர் ஜீப்பை விற்கத் தேவையில்லை. அவருக்கு அது இன்னும் தொழில் ஆயுதமே. வசதியுள்ளவர் ஆசைக்காக வைத்திருப்பதிலும் தவறில்லை. ஆனால் அந்தச் செலவைக் கடைக் கணக்கில் எழுதாமல் சொந்தக் கணக்கில் எழுதட்டும். இரண்டையும் ஒன்றாகக் கலப்பதுதான் பிழை.

எங்கள் ஜீப்பை, ரிவஸ்டன் பக்கம் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் செல்லும் ஒரு இளைஞர் வாங்கினார். சாவியைக் கொடுத்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இப்போது உம்மா பலகையின்றி வேனில் ஏறுகிறார். ஜீப்பும் முற்றத்தில் துருப்பிடிக்காமல் மலை ஏறி உழைக்கிறது. வாப்பா அதனை வாங்கியதும் அதற்காகத்தானே.