தொட்டியிலிருந்து ஏரிக்கு ஒரு வாளி தூரம்

கண்ணாடித் தொட்டியின் பாசியைத் தின்று சுத்தம் செய்யும் என்று சொல்லி விற்கப்படும் ‘டேங்க் கிளீனர்’ மீன், தமிழ்நாட்டின் ஏரிகளிலும் ஆறுகளிலும் மீனவர் வலையில் ஏறுகிறது. அதை அங்கே யாரும் வளர்க்கவில்லை. வீட்டுத் தொட்டி கொள்ளாத அளவுக்கு வளர்ந்தபோது வாளியில் எடுத்துச் சென்று கொட்டினார்கள். பண்ணைக் குட்டைகள் மழையில் நிரம்பி வழிந்தபோது தானாகவும் தப்பியது. ஒரு மீனை ஏரியில் கொட்ட ஒரு நிமிடம் போதும். கொட்டிய பிறகு திரும்ப எடுக்க வழியில்லை.

தென் அமெரிக்காவின் அமேசான், ஒரினோகோ ஆற்றுப் படுகைகள் இதன் தாயகம். கடைகளில் ‘சக்கர்’ என்றும் சொல்வார்கள்; ஆந்திரத்தில் பேய் மீன் என்றே பெயர் விழுந்துவிட்டது. வாங்கும்போது விரல் நீளம் இருக்கும். வளர்ந்தால் ஒரு முழம். பத்து ஆண்டுகளுக்கு மேல் உயிர் வாழும். இரண்டடித் தொட்டியில் இதை வைத்துக் காப்பாற்ற முடியாது என்பது விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குச் சொல்லப்படுவதில்லை. தொட்டியைச் சுத்தம் செய்யும் என்பதும் அரை உண்மைதான். குட்டியில் பாசியைத் தின்னும். வளர வளர அது போடும் கழிவுதான் தொட்டியைக் கெடுக்கும்.

வளர்ப்பு மீன் சுலபத்தில் செத்துப்போகும் என்பது பொதுவான வீட்டு அனுபவம். தண்ணீரை மொத்தமாக மாற்றினால் சாகும், இரை கூடினால் சாகும், இரவில் மின்சாரம் போய் ஏர் பம்ப் நின்றால் காலையில் மிதக்கும். டேங்க் கிளீனர் அந்தக் கணக்கில் வராது. நீரில் ஆக்சிஜன் குறைந்தால் மேலே வந்து காற்றை விழுங்கும். இரைப்பையின் சுவரே அந்தக் காற்றிலிருந்து ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். மற்ற மீன்கள் திணறும் சாக்கடை நீரில் இது நிம்மதியாகத் திரிவதற்குக் காரணம் அதுவே. உடம்பைச் செதிலுக்குப் பதிலாக எலும்புத் தகடுகள் கவசம் போல மூடியிருக்கின்றன. கரையில் தூக்கி எறிந்தாலும் உடம்பின் ஈரம் காயாத வரை மணிக்கணக்கில் உயிரோடு கிடக்கும். நீர் வற்றினால் ஈரமான வளைக்குள் பதுங்கிக்கொள்ளும். ஆகவே கோடையில் ஏரி காய்ந்தால் தானாக ஒழிந்துவிடும் என்று யாரும் நம்பியிருக்கக் கூடாது.

காற்றை விழுங்கத் தெரிந்த மீன்கள் நம் நீர்நிலைகளிலும் உண்டு. விராலும் பனையேறிக் கெண்டையும் சேற்றில் கிடந்து பிழைப்பவையே. ஆனால் அவற்றுக்குச் சந்தையில் விலை இருக்கிறது. பறவைக்கும் நீர்நாய்க்கும் அவை இரையாகின்றன. பிடிப்பவரும் தின்பவரும் இருப்பதால் அளவோடு நிற்கின்றன. டேங்க் கிளீனருக்கு வாங்க ஆளில்லை, கவசத்தை மீறிக் கடிக்க வாயுமில்லை. ஒரு ஈட்டில் நூற்றுக்கணக்கில் முட்டையிடுகிறது. பொரியும் வரை ஆண் மீன் வளையில் காவல் இருக்கிறது. அடிமண்டியையும் பாசியையும் வழித்து விழுங்கும்போது பிற மீன்களின் முட்டைகளும் சேர்ந்து போகின்றன. அயிரைக்கும் ஆரலுக்கும் கெண்டைக்கும் இரையும் குறைகிறது, இனமும் குறைகிறது.

இழப்பு முதலில் உறைப்பது உள்நாட்டு மீனவருக்கு. செவுள் வலையில் கெண்டை மாட்டினால் விரலால் தள்ளி எடுத்துவிடலாம். இந்த மீன் மாட்டியதும் முதுகுத் துடுப்பையும் பக்கத் துடுப்புகளையும் விறைப்பாக விரித்துக்கொள்கிறது. பக்கத் துடுப்பின் முன்முள்ளில் பொடிப் பொடியாகக் கூர்கள். இழுக்க இழுக்க நரம்பு அதில் சுற்றிக்கொள்ளும். கடைசியில் கத்தியால் வலைக்கண்ணை அறுத்துத்தான் மீனை வெளியே எடுக்க வேண்டும். பத்து மீன் ஏறினால் அன்றைய வலை கந்தல். கையும் கிழியும். எடுத்த மீனுக்குக் காசு கிடையாது. மீன்பாசிக் குத்தகைக்குப் பணம் கட்டி, கட்லா, ரோகு குஞ்சுகளை வாங்கி விட்டவருக்கு இது இரட்டை நட்டம். அவருடைய குஞ்சு வளர வேண்டிய நீரில், அவர் விடாத மீன் வளர்கிறது.

கரைக்கும் ஆபத்து உண்டு. இனப்பெருக்கத்துக்காக இந்த மீன் மண் கரையைக் குடைந்து வளை அமைக்கிறது. ஒரு மீட்டர் ஆழம் வரை போகும் வளைகளும் உண்டு. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் கால்வாய்க் கரைகள் இதனால் அரிக்கப்படுகின்றன. தமிழ்நாட்டின் ஏறத்தாழ 39,000 ஏரிகளில் பெரும்பாலானவை மண் கரையை நம்பி நிற்பவை. நண்டு வளைக்கும் எலி வளைக்கும் பயந்து கரையைச் சுற்றிப் பார்க்கும் வழக்கம் கிராமங்களில் இருந்தது. நீர்மட்டத்துக்குக் கீழே குடையும் மீனை அந்தப் பார்வை கண்டுபிடிக்காது. ஏரி இறங்கிய பிறகு வரிசையாகத் துளை தெரியும்போதுதான் விஷயம் வெளியே வரும்.

நம் ஏரிகள் தனித்தனி நீர்நிலைகள் அல்ல என்பது நிலைமையை இன்னும் கடினமாக்குகிறது. மேல் ஏரி நிரம்பினால் அதன் கலங்கல் வழியே கீழ் ஏரிக்குத் தண்ணீர் போகும்; அது நிரம்பினால் அடுத்ததற்கு. மழை நீர் ஒரு சொட்டும் வீணாகாமல் இருக்க முன்னோர் கட்டிய சங்கிலி அது. அதே சங்கிலி ஒரு வாளி மீனை ஒரு பருவமழைக்குள் பல ஊர்களுக்குக் கொண்டுசேர்க்கும். ஒரு ஏரியில் விடுவது அந்தத் தொடரில் உள்ள எல்லா ஏரிகளிலும் விடுவதற்குச் சமம். எந்த ஏரியிலிருந்தும் திரும்ப எடுக்க வழியில்லை.

பறவைகளையும் கணக்கில் சேர்க்க வேண்டும். போர்ட்டோ ரிக்கோவில் கூழைக்கடாக்கள் இந்த மீனை விழுங்க முயன்று, தொண்டையில் சிக்கி இறந்தது 1990-களிலேயே பதிவாகியுள்ளது. வேடந்தாங்கலும் கூந்தன்குளமும் கூழைக்கடாக்கள் வந்து தங்கும் இடங்கள். இரண்டும் பாசன நீர்நிலைகள்.

வெளிநாட்டு அனுபவம் போதிய எச்சரிக்கை தருகிறது. மெக்சிகோவின் இன்ஃபியர்னில்லோ நீர்த்தேக்கம் திலேப்பியா மீன்பிடிப்புக்குப் பெயர்பெற்றது. இந்த மீன் பெருகிய பிறகு வலைகளில் திலேப்பியாவின் இடத்தை இது பிடித்தது. மீனவக் குடும்பங்களின் வருமானம் சரிந்தது. பிலிப்பைன்ஸின் லகூனா ஏரியிலும் இதே நிலை. வங்கதேசம் 2023-இல் இந்த மீனுக்குத் தடை விதித்தது. இந்தியாவில் கிழக்குத் தொடர்ச்சி மலைப் பகுதி நீர்நிலைகளில், நீரில் கலந்துள்ள மரபணுத் தடயங்களைக் கொண்டு ஹைதராபாத் விஞ்ஞானிகள் ஆராய்ந்தபோது, சுமார் 60 விழுக்காடு இடங்களில் இந்த மீன் இருப்பது தெரிந்தது. அந்நிய உயிரினங்களின் ஊடுருவலால் உலகுக்கு ஆண்டுதோறும் ஏற்படும் இழப்பு 42,300 கோடி டாலரைத் தாண்டும் என்று 2023-இல் வெளியான பன்னாட்டு மதிப்பீடு கணக்கிட்டது. நம் ஏரிகளின் பங்கு அதில் எவ்வளவு என்று இங்கே யாரும் எண்ணியதில்லை.

சாதுவான மீன் என்று பெயரெடுத்த தங்கமீனும் ஆபத்தற்றதல்ல. பனி மூடிய குளத்தில் ஆக்சிஜனே இல்லாமல், உடலில் சேரும் நச்சை ஆல்கஹாலாக மாற்றி வெளியேற்றி, வாரக்கணக்கில் உயிர் பிடித்திருக்கக் கூடியது அது. 2021-இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் உள்ள பர்ன்ஸ்வில் நகர ஏரி ஒன்றில் கால்பந்து அளவுத் தங்கமீன்கள் பிடிபட்டன. வளர்ப்பு மீன்களை ஏரியில் விடாதீர்கள் என்று அந்நகர நிர்வாகம் மக்களைக் கேட்டுக்கொண்டது. அளவுதான் வேறு; வந்த வழி ஒன்றே.

இங்கே டேங்க் கிளீனர் பெருகியதற்கான காரணங்கள் மூன்று முனைகளில் இருக்கின்றன. முதலாவது வணிகம். சென்னை கொளத்தூர் அலங்கார மீன் வணிகத்தின் பெரிய மையம். சுற்றுவட்டாரத்தில் பலருக்கு அது பிழைப்பு. அந்தப் பிழைப்பைக் குறைசொல்வது நம் நோக்கமல்ல. ஆனால் எந்த மீனை விற்கலாம், எதை விற்கக் கூடாது, விற்றதை யார் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும் என்பதற்குக் கடைத்தெருவில் நடைமுறை எதுவும் இல்லை. நச்சற்ற, சிறிய, வெளியே பிழைக்காத மீன்களுக்கும் இதற்கும் ஒரே தட்டு, ஒரே விலைப்பலகை.

இரண்டாவது காரணம் வீட்டின் இரக்கம். வளர்த்த உயிரைக் கொல்ல மனம் வருவதில்லை. குளத்தில் விட்டால் பிழைத்துக்கொள்ளும், புண்ணியமும் சேரும் என்று கோயில் தெப்பக்குளத்தில் விடுவோரும் உண்டு. பிழைத்துக்கொள்ளும் என்பது சரி. அதுவே கேடு. ஒரு மீனைக் காப்பாற்றிய கை, அந்தக் குளத்தின் மற்ற மீன்கள் அனைத்தையும் பணயம் வைக்கிறது.

மூன்றாவது, நீரின் நிலை. கழிவு கலந்து ஆக்சிஜன் இழந்த ஏரி, டேங்க் கிளீனருக்கு நாமே செய்துகொடுத்த வீடு. நாட்டு மீன்கள் வெளியேறிய இடத்தில்தான் இது பெருகுகிறது. சாக்கடையைத் தடுக்காமல் மீனை மட்டும் பிடிப்பது பாதி வேலை.

சட்டம் இல்லை என்று சொல்வதற்கில்லை. 1992-இல் கையெழுத்தான உயிரியல் பன்மை உடன்படிக்கை, கேடு விளைவிக்கும் அந்நிய இனங்களின் வரவைத் தடுப்பதையும், வந்தவற்றைக் கட்டுப்படுத்துவதையும் உறுப்பு நாடுகளின் கடமையாக்கியது. இந்தியா அதை ஏற்ற நாடு. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 2022-இல் கொண்டுவரப்பட்ட திருத்தம், ஊடுருவும் அந்நிய இனங்களின் இறக்குமதியையும் விற்பனையையும் வைத்திருப்பதையும் கட்டுப்படுத்த அல்லது தடைசெய்ய அரசுக்கு அதிகாரம் அளிக்கிறது. அதிகாரம் ஏட்டில் இருக்கிறது. மீன் கடையில் இருக்கிறது. இரண்டும் இன்னும் சந்திக்கவில்லை.

பொறுப்பு சிதறிக் கிடப்பதும் ஒரு தடை. ஏரியின் கரை ஒரு நிர்வாகத்திடம், அதன் மீன் இன்னொன்றிடம், ஊர்க் குளம் உள்ளாட்சியிடம், பறவை வேறொன்றிடம், கடையின் உரிமம் மற்றொன்றிடம். ஒவ்வொன்றும் இது தன் கோப்பு அல்ல என்று சொல்ல இடம் இருக்கிறது. அந்த இடத்தை அடைக்க வேண்டியது அரசு. மீன்வளத்துக்குப் பொறுப்பான நிர்வாகமே இதற்கு முதன்மை அமைப்பு என்று அறிவித்து, மற்றவை அதற்குப் பதில்சொல்ல வேண்டும் என்று வகுத்தால் போதும். முதல் ஆணை, இந்த மீனின் உற்பத்திக்கும் விற்பனைக்கும் தடையாக இருக்கட்டும். வீடுகளில் ஏற்கெனவே இருப்பவற்றைக் கேள்வி கேட்காமல் திரும்பப் பெறும் மையங்கள் தடை நடைமுறைக்கு வரும் அன்றே திறந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் தடைக்குப் பயந்தே பலர் ஏரியைத் தேடிப் போவார்கள். பண்ணைகளின் நீர்ப்போக்கில் கம்பி வலை கட்டாயமாக வேண்டும். வலை கிழிந்த மீனவருக்கு இழப்பீடும், பிடித்துக் கொடுக்கும் மீனுக்கு எடைக் கூலியும் தரப்பட வேண்டும். ஆனால் அதை விலைபோகும் சரக்காக்கிவிடக் கூடாது. காசு வந்தால் வளர்ப்பதற்கும் ஆள் வரும்.

ஏரியில் மருந்து கலந்து கொல்லலாம் என்ற யோசனை சில இடங்களில் எழுகிறது. அது வேண்டாம். காற்றைச் சுவாசிக்கும் இந்த மீன் தப்பலாம். அயிரையும் ஆரலும் கெண்டையும் தப்பமாட்டா.

மீன் வளர்ப்போருக்கு நாம் வைக்கும் வேண்டுகோள் சிறியது. இந்த மீனை வாங்காதீர்கள். கண்ணாடியின் பாசியை ஒரு ஸ்பாஞ்சால் துடைத்துவிடலாம். ஏற்கெனவே வீட்டில் இருந்தால் பெரிய தொட்டி வைத்துக் கடைசி வரை வளர்த்திடுங்கள். முடியாவிட்டால் வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுங்கள். கிணறு, குளம், கால்வாய், கழிவறை எதிலும் விடாதீர்கள். வலையில் எடுத்த மீனவர்கள் அதைத் திரும்ப நீரிலும் வீசக் கூடாது, நீரோரத்திலும் போடக் கூடாது. கரைக்கு அப்பால் குழிதோண்டிப் புதைக்க வேண்டும்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குகிறது. கலங்கல்கள் பாயத் தொடங்கிய பிறகு பிறப்பிக்கப்படும் ஆணை எந்த மீனையும் எட்டாது.