தொழிலாளரும் தோழரும்

தொழிலாளர் நலங்கருதி உழைப்போர் இடதுசாரி இயக்கத்தார். ஆதலின் தொழிலாளர் யாவரும் அவர்பின் செல்லக் கடவர் என்பது நம் கல்லூரி வாலிபர் பலர் கொண்டுள்ள முடிபு. தொழிலாளர் பின்செல்லாதவிடத்து, அறியாமை என்றேனும் அச்சம் என்றேனும் அவர்மீது குற்றம் சாற்றிவிடுகின்றனர். இது பொருந்தாது என்பது எம் கருத்து. சான்று தேடி உருசிய நாட்டிற்குச் செல்ல வேண்டுவதில்லை. புதுக்கோட்டை நாட்டுக் குளத்தூராராகிய எமக்கு அணித்தே, திருச்சிராப்பள்ளியை ஒட்டிய பொன்மலையிலேயே அஃது உளது.

நாகப்பட்டினத்திலிருந்த தென்னிந்திய ரயில்வேப் பணிமனை பொன்மலைக்கு மாற்றப்பட்ட காலத்தில், ஆட்குறைப்பும் திறமைச் சோதனையும் தொழிலாளரை அலைக்கழித்தன. 1928 ஜூலையில் வேலைநிறுத்தம் எழுந்தது. அதற்குத் துணைநின்று சிறை சென்றவருள் ஒருவர் ம. சிங்காரவேலர். அவர் வழக்கறிஞர், ரயில்வேயில் ஒருநாளும் கூலி பெற்றவரல்லர், வயதோ 68. எனினும், நீர் யார் எமக்குச் சொல்ல என்று அவரை எவரும் கேட்டிலர். குறை தொழிலாளருடையது, குரல் மட்டுமே அவருடையது.

பின்னர் உலகப்போர் வந்தது. 1941 ஜூனில் ஜெர்மனி சோவியத் நாட்டின்மீது படையெடுத்தபின், கம்யூனிஸ்ட் கட்சி அப்போரை மக்கள் போர் எனக் கொண்டு, உற்பத்தி தடைப்படலாகாது, வேலைநிறுத்தம் தவிர்க்கப்படல் வேண்டும் என்றது. விலைவாசி ஏறிய அந்நாளில் பட்டறையில் நின்றவன் வயிறு சொன்னது ஒன்று. தோழர் போட்ட கணக்குச் சொன்னது வேறொன்று. கணக்குப் பிழையென்று யாம் வாதிட வரவில்லை. பாசிசத்தை முறியடித்தல் வேண்டும் என்பதில் இன்று எவர்க்கும் ஐயமில்லை. ஆயினும் அக்கணக்கைப் போடுமுன் அவனை ஒருவரும் கேட்டதில்லை.

போர் முடிந்தபின், 1946 ஆகஸ்டில் தென்னிந்திய ரயில்வேத் தொழிலாளர் வேலையை நிறுத்தினர். செப்டம்பர் 5-ஆம் நாள் பொன்மலையில் மலபார் போலீசார் சுட்டதில் ஐவர் மாண்டனர். இத்தொழிலாளரையா அஞ்சியவர் என்பது?

அடுத்து நிகழ்ந்ததே ஊன்றி நோக்கத்தக்கது. 1948-இல் கல்கத்தாவில் கூடிய கட்சி மாநாடு, புரட்சிக்குக் காலம் கனிந்ததென்று முடிவு செய்து, ரணதிவேயைப் பொதுச் செயலாளராக்கிற்று. மறு ஆண்டில், ஜெயப்பிரகாசர் தலைமையிலிருந்த அகில இந்திய ரயில்வே ஊழியர் சம்மேளனம் வேலைநிறுத்தத்தைக் கைவிட்ட பின்னரும், கட்சியார் 1949 மார்ச் 9-ஆம் நாளைக் குறித்து அழைப்பு விடுத்தனர். அந்நாளில் வண்டிகள் ஓடின. தெற்கேயும் ஓடின. ஐவர் மாண்டு மூன்றாண்டு நிறையவில்லை. அதே தொழிலாளர், அதே செங்கொடி. முன்கூட்டியே பலரைச் சர்க்கார் கைதுசெய்ததே காரணம் என்பர். அதில் உண்மையுண்டு, ஆனால் முழு உண்மையன்று. அடக்குமுறை 1946-இலும் குறைவாயிருந்ததன்று. அன்று எழுந்த குறை பட்டறையில் பிறந்தது. 1949-இல் வந்த நாளோ மேலிருந்து குறிக்கப்பட்டது. வேலைநிறுத்தம் தோற்றால் தோழர் சிறை சென்று மாலையோடு மீள்வர். தொழிலாளியோ வேலையிழந்து, மளிகைக்கடைக் கடனேட்டில் தன் பெயரைக் காண்பான். அவனை யாம் கோழை என்னோம், கணக்கறிந்தவன் என்போம். 1950-இல் கட்சியே ரணதிவேயை அப்பதவியினின்று நீக்கிற்று.

பட்டறைக்கு மட்டும் உரிய செய்தியன்று இது. எம் குளத்தூர்ப் புறத்தில் மழையையும் கண்மாயையும் நம்பிக் கூலிவேலை செய்வோரிடம் சென்று உற்பத்தி உறவுகளைப் பற்றிப் பேசுவோர் உளர். கேட்போர் முகங்கோணாது கேட்கின்றனர். எம்மூரார்க்கு மரியாதை மிகுதி. பேச்சு முடிந்தபின், களையெடுப்புக்கூலி ஏறுமா, மடை எப்பொழுது செப்பனிடப்படும் என்று வினவுகின்றனர். பேசினவர்க்கு அது சிறு வினாவாகத் தோன்றுகின்றது. மறுமுறை கூட்டம் சேர்வதில்லை.

தொழிலாளரிடையே தொண்டாற்ற விழையும் நம் மாணவரிடம் யாம் வேண்டுவது இது: கோரிக்கைப் பட்டியலை எழுதிக்கொண்டு செல்லாதீர், வெறுந்தாளோடு செல்லுங்கள். 2007 முதல் ரயில்வேச் சங்கங்களின் அங்கீகாரத்துக்கு இரகசிய வாக்கெடுப்பு நடத்தும் வழக்கம் வந்தது. அவ்வாக்குச் சீட்டும் எச்சங்கம் என்று மட்டுமே கேட்கின்றது; எக்கோரிக்கை என்று கேட்பதில்லை. அவ்வினாவைப் பணிமனை வாயிற்கூட்டத்தில் கேட்பதற்குச் சட்டத் திருத்தம் ஏதும் வேண்டுவதில்லை.