‘வேலை செய்த நாள்’ என்றால் எந்த நாள்?

சட்டப் புத்தகம் கையில் கிடைத்தால் தொழிலாளி முதலில் எந்தப் பக்கத்தைப் புரட்டுகிறார்? தனக்கு என்ன கிடைக்கும் என்று சொல்லும் பக்கத்தை. முதலாளியின் வக்கீல் புரட்டுவது முன்னாலேயுள்ள விளக்கப் பிரிவை. ‘தொழிலாளி’ என்றால் யார், ‘ஆட்குறைப்பு’ என்றால் எது, ‘தொடர்ச்சியான வேலை’ என்றால் என்ன என்று சொல்லும் இடம் அது. அங்கே ஒரு வார்த்தையைத் தன் பக்கம் இழுத்துவிட்டால், பின்னாலுள்ள உரிமைகள் எல்லாம் தாமாகவே கழன்று விழும் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். நமக்கும் தெரிந்திருக்க வேண்டாமா?

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நூற்பாலைத் தோழர் சங்க ஆபீசுக்கு வந்தார். ஸ்பின்னிங்கில் டெம்பரரியாக ஓராண்டுக்கு மேல் வேலை பார்த்தவர். ஒரு நாள் காலை கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். நோட்டீசும் இல்லை, நஷ்டஈடும் இல்லை. “நீ வேலை செய்தது 226 நாள். 240 நாள் ஆகவில்லை. போய் வா” என்று ஆபீசில் சொல்லிவிட்டார்களாம். அவரும் நம்பிவிட்டார். கணக்குப் பார்ப்பது குமாஸ்தா. நூல் பார்ப்பது நாம் என்ற பழக்கம்!

240 என்ன கணக்கு? 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறு சட்டம், ஓராண்டு தொடர்ச்சியாக வேலை பார்த்தவரை ஆட்குறைப்புச் செய்ய வேண்டுமானால் ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம் கொடு, வேலை பார்த்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம் கொடு என்றது. ஓராண்டு என்பதற்கு விளக்கமும் தந்தது: முந்தைய 12 மாதத்தில் 240 நாள், சுரங்கத்துக்குள் இறங்குகிறவருக்கு 190 நாள். அத்தோடு நிறுத்தவில்லை. லே-ஆப் கொடுத்த நாள், முந்தைய ஆண்டுகளில் சேர்த்த சம்பள லீவு, வேலையில் அடிபட்டுப் படுத்த நாள், பெண் தொழிலாளியின் பேறுகால லீவு ஆகியவையும் அந்தக் கணக்கில் சேரும் என்றது. ஆபீஸ் குமாஸ்தா இந்தப் பத்தியை மட்டும் படிப்பதே இல்லை.

தோழரிடம் சம்பளச் சீட்டு கேட்டோம். “அதையெல்லாம் யார் வைத்துக்கொண்டார்கள்?” என்றார். மறுநாள் அவர் மனைவி வந்தார். தகரப் பெட்டியிலிருந்து எல்லாச் சீட்டையும் நூலில் கோத்துக் கொண்டுவந்திருந்தார். உட்கார்ந்து கூட்டினோம். நிர்வாகமே ஒப்புக்கொண்டது 226. சம்பளத்தோடு விட்ட தேசிய, பண்டிகை விடுமுறை 9. விரல் மெஷினில் சிக்கிப் படுத்தது 11. ஆக 246. ஞாயிற்றுக்கிழமைகளைத் தொடவே வேண்டியிருக்கவில்லை! சமரச அதிகாரி முன்பு இந்தக் காகிதங்களை வைத்ததும் நிர்வாகம் இறங்கி வந்தது. தோழர் மறுபடி உள்ளே போனார். அன்று நமக்குச் சட்டம் சொல்லிக் கொடுத்தது அந்தத் தகரப் பெட்டிதான்.

ஞாயிற்றுக்கிழமை சங்கதி என்ன? அதற்கும் ஒரு சண்டை நடந்தது. ஒரு வெளிநாட்டு வங்கியின் ஊழியர் வழக்கில், ஆபீசுக்கு வந்த நாட்களை மட்டும் எண்ணினால் 220. ஞாயிறையும் சம்பள விடுமுறையையும் சேர்த்தால் 275. 1985இல் சுப்ரீம் கோர்ட்டு சேர்த்துத்தான் எண்ண வேண்டும் என்று தீர்ப்பளித்தது. சுத்தியலோ அரிவாளோ பேனாவோ கையில் இருந்த நாள் மட்டுமே வேலை செய்த நாள் ஆகாது. வேலையில் இருந்து சம்பளம் பெற்ற நாளெல்லாம் வேலை செய்த நாளே என்ற கருத்தை நீதிபதி சின்னப்ப ரெட்டி எழுதினார். உதாரணத்துக்கு அவர் எடுத்த கருவிகளைப் பாருங்கள்! ஆனால் ‘சம்பளம் பெற்ற’ என்ற சொல்லையும் கவனியுங்கள். தினக்கூலித் தோழர்களிடம் முதலாளி அடுத்தபடி கேட்பது, ஞாயிற்றுக்கு உனக்கு ஏது சம்பளம் என்பதுதான்.

கோர்ட்டில் வென்ற வார்த்தை நம்மிடமே நின்றுவிடும் என்றும் நினைக்க வேண்டாம். ‘ஆட்குறைப்பு’ என்பதற்குப் பழைய சட்டம் சொன்ன விளக்கத்தில், எந்தக் காரணத்துக்காக நீக்கினாலும் என்று பொருள்படும் வாசகம் இருந்தது. ஒன்பது நாளைக்கு மட்டும் என்று உத்தரவு கொடுத்து, நாள் முடிந்ததும் அனுப்பிவிட்ட வழக்கு ஒன்று வந்தது. அதுவும் ஆட்குறைப்பே என்று 1976இல் நீதிபதி கிருஷ்ணய்யர் அந்த வாசகத்தை வைத்தே தீர்ப்பளித்தார். எட்டே ஆண்டு! 1984இல் சட்டத்தைத் திருத்தி, ஒப்பந்தக் காலம் முடிந்து போவது ஆட்குறைப்பு ஆகாது என்று ஒரு வரியைச் செருகினார்கள். 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்த தொழில் உறவுச் சட்டத் தொகுப்பிலும் குறித்த காலத்து வேலை முடிந்து அனுப்புவது ஆட்குறைப்பில் சேராது. 240 நாள் கணக்கு அதில் இருக்கிறது, உண்மை. ஆனால் பாதிப் பேரோ அதற்கு மேலோ பேசிவைத்து ஒரே நாளில் கேஷுவல் லீவு எடுத்தால், அதுவும் ‘வேலைநிறுத்தம்’ என்கிறது புதிய விளக்கம். நேற்றுவரை லீவு, இன்று வேலைநிறுத்தம். வேலைநிறுத்தம் என்றால் முன்கூட்டியே நோட்டீஸ், தவறினால் தண்டனை. மாறியது ஒரு விளக்கப் பிரிவுதான்.

கிராமத்திலும் இதே கதைதான். 1952இல் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்ததும் மிராசுதார்கள் செய்த முதல் காரியம், ‘பண்ணையாள்’ என்ற பெயரை எடுத்துவிட்டு அதே ஆட்களைத் தினக்கூலியாக்கியது. ஆள் அவரே, வயல் அதுவே. பெயர் போனது, பாதுகாப்பும் போனது.

1955ஆம் ஆண்டின் சாகுபடிதாரர் பாதுகாப்புச் சட்டத்தில் ஒரு நல்ல சொல் இருக்கிறது. குத்தகை உடன்பாடு வெளிப்படையாகவோ உட்கிடையாகவோ இருக்கலாம் என்கிறது. அதாவது முத்திரைக் காகிதம் கட்டாயம் இல்லை. ஆண்டுதோறும் குத்தகை நெல்லை அளந்தாய், அவரும் வாங்கிக்கொண்டார் என்றால் உடன்பாடு உண்டு. ஆனால் அதை நிரூபிக்க வேண்டுமே! ரசீது கேட்டால் ‘நம்பிக்கை இல்லையா?’ என்று சிரிப்பார்கள். கேளுங்கள், சிரிக்கட்டும். இன்னொன்று: சாகுபடிதாரர் தன் உழைப்பையோ குடும்பத்தார் உழைப்பையோ நிலத்தில் செலுத்த வேண்டும். ‘நடவு நட்டது கூலிப் பெண்கள்தானே?’ என்று குறுக்கு விசாரணையில் மடக்குவார்கள். உழைப்பைச் செலுத்த வேண்டும் என்கிறதே தவிர, கூலிக்கு ஒரு கை கூட வைக்கக்கூடாது என்று சட்டம் சொல்லவில்லை. உழுதது, வரப்பு வெட்டியது, ராத்திரி மடை பார்த்தது எல்லாம் உழைப்பே. அதைச் சொல்லுங்கள். வெறுமே குடை பிடித்து வரப்பில் நின்று மேற்பார்வை பார்த்தேன் என்று பெருமைக்குச் சொல்லிவிடாதீர்கள். வழக்கு அங்கேயே முடிந்துவிடும். குத்தகைப் பதிவேட்டில் பெயர் ஏற்றிக்கொள்ள 1969ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. தாலுகா ஆபீசுக்குத் தனியாகப் போக வேண்டாம், விவசாயிகள் சங்கத் தோழர்களோடு போங்கள்.

மில் தோழர்களுக்கு ஒன்று. கேட்டில் கொடுக்கும் இங்கிலீஷ் காகிதத்தில் ‘தானாக விலகிக்கொள்கிறேன்’ என்று இருக்கலாம், ‘கணக்குத் தீர்த்துக்கொண்டேன்’ என்று இருக்கலாம். கையெழுத்துப் போடுமுன் அதைச் சங்கத்துக்குக் கொண்டு வாருங்கள். சம்பளச் சீட்டுகளையும் கொண்டு வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையிலும் ஆபீஸ் திறந்திருக்கும்.