கம்பளியும் கௌரவமும்

நம் நாடு வெப்பநாடு. பள்ளியில் பூகோள ஆசிரியர் சொல்லித்தந்த இந்தப் பாடத்தை நம்பித்தான் நான் டில்லிக்கு வந்தேன். நம்பியதால் நான் கெட்டேன் என்று சொல்லமாட்டேன். ஆனால் என் அறியாமையால் இன்னொருவன் துன்பப்பட்டான். அதைச் சொல்லவே இக்கட்டுரை.

கடகரேகை போபாலுக்குச் சற்று வடக்கே ஓடுகிறது. சென்னையிலிருந்து வரும் புகைவண்டி அதைத் தாண்டும்போது யாரும் மணியடித்து அறிவிப்பதில்லை. தாண்டியபிறகும் டில்லிக்கு இன்னும் 5 டிகிரி வடக்கே வரவேண்டும். இங்கே கடலும் இல்லை. சென்னையில் வெயிலையும் குளிரையும் ஓர் அளவுக்குள் கட்டிவைப்பது கடல். அந்தக் கட்டு இல்லாத ஊரில் இரண்டும் தம் விருப்பம்போல் ஆடும்.

நம்மவர் இங்கு வந்து சேர்வது பெரும்பாலும் மழைக்காலத்தில். அப்போது வியர்வை ஊற்றெடுக்கும். அறையிலுள்ள கூலர் பயன்தராது. ஈரக்காற்றை அது மேலும் ஈரமாக்குமே தவிரக் குளிர்விக்காது. அதன்பின் அக்டோபர் வரும். இனிய மாதம், ஆனால் ஏமாற்றும் மாதம். "டில்லிக் குளிர் என்று பயமுறுத்தினார்களே, இவ்வளவுதானா?" என்று அப்போது சிரிக்காத தமிழ் மாணவர் உண்டோ? நானும் சிரித்தவன்தான்.

டிசம்பர் பிற்பகுதியில் அந்தச் சிரிப்பு உறைந்துபோகும். சென்னையில் ஜனவரி இரவு 20 டிகிரிக்குக் கீழே இறங்கினாலே நாம் போர்வை தேடுவோம். இங்கோ 7 டிகிரி சாதாரணம். 4 டிகிரிக்கு இறங்குவதும் உண்டு. 2019 டிசம்பர் 30 அன்று பகலில்கூட வெப்பம் 9.4 டிகிரிக்கு மேல் ஏறவில்லை. மூடுபனி சூரியனை மறைத்துவிட்டால் நண்பகலும் விடியற்காலைபோலவே இருக்கும்.

குளிர்நாடுகளுக்குச் சென்ற நண்பர்கள், "அங்கே இதைவிடக் குளிர், ஆனாலும் தாங்குகிறது" என்பார்கள். காரணம் எளிது. அங்கே வீட்டைச் சூடாக்கி வைப்பார்கள். நம் விடுதிகளோ கோடையை நினைத்துக் கட்டப்பட்டவை. வெளியே உள்ள குளிர்தான் ஏறக்குறைய உள்ளேயும். குளிக்கும்போதும், படிக்கும்போதும், படுக்கும்போதும் அதனிடமிருந்து விடுதலை இல்லை. கைப்பேசி 7 என்ற எண்ணைக் காட்டும். அந்த எண் எலும்பில் எப்படி இறங்கும் என்பதைக் காட்டாது.

இனி அந்த நண்பனைப்பற்றி. என் இரண்டாம் ஆண்டில் அடுத்த அறைக்கு ஒரு தம்பி வந்தான். தென்பாண்டிச் சீமையில் ஒரு சிற்றூர். தந்தை பிறர் நிலத்தில் கூலிவேலை செய்பவர். படிப்பில் சூரன். ஜனவரி பிறந்ததும் அவன் காலை எட்டரை மணி வகுப்புக்கு வருவதை நிறுத்திவிட்டான். "தூக்கத்துக்கு அடிமையாகிவிட்டாயே தம்பி!" என்று எல்லோர் முன்னிலையிலும் கேலி செய்தேன். அவனும் சிரித்தான். ஒருநாள் பேனா வாங்க அவன் அறைக்குள் நுழைந்தேன். பருத்திச் சட்டைகள் மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக அணிந்து, ஊரிலிருந்து கொண்டுவந்த ஜமக்காளத்தைப் போர்த்தியபடி படித்துக்கொண்டிருந்தான். அவனிடம் கம்பளி என்று ஒரு நூல்கூட இல்லை. தந்தையிடம் கேட்க மனமில்லை. எங்களிடம் கேட்க வாயில்லை. வருகைப் பதிவு குறைந்து, ஒரு தாளைத் தேர்வெழுத முடியாமல் ஓராண்டு காத்திருந்தான். சோம்பேறி என்று நான் சூட்டிய பட்டம் மட்டும் காத்திராமல் ஒட்டிக்கொண்டது.

அந்த வாரத்தில்தான் நம் சங்கம் பொங்கல் விழா நடத்தியது. மேடைத்திரைக்கும் வாழைமரத்துக்கும் செலவிட்டோம். விழா வேண்டாம் என்று நான் கூறவில்லை; ஊரைவிட்டு வந்தவனுக்கு அதுவும் ஒரு கணப்புதான். ஆனால் தமிழ்ப் பண்பாட்டைக் காக்கும் சங்கம் தமிழன் ஒருவனைக் குளிரிலிருந்து காக்க மறந்தது எப்படி?

"கம்பளி கொடுத்தால் தருமம் ஆகிவிடும், மானம் உள்ளவன் வாங்கமாட்டான்" என்பார் சிலர். மூத்த மாணவரின் குறிப்பேடுகளை நாம் வாங்கவில்லையா? பழைய மிதிவண்டியை வாங்கவில்லையா? அவற்றில் குறையாத மானம் ஒரு ஸ்வெட்டரில் குறையுமா?

ஆகவே நான் வேண்டுவது மூன்று. முதலாவது, இடம் கிடைத்த ஒவ்வொரு புதிய மாணவருக்கும் சங்கம் தமிழில் ஒரு கடிதம் அனுப்பட்டும். தடித்த ஒரே கோட்டைவிட உள்ளே ஒட்டிய ஆடை, நடுவில் கம்பளி, வெளியே காற்றுப் புகாத சட்டை என்று அடுக்காக அணிவது நல்லது. அடுக்குகளுக்கிடையே தங்கும் காற்றே சூட்டைக் காக்கும். காதும் பாதமும் மூடியிருக்கட்டும். ரஜாய் இங்கேயே வாங்கலாம், ஊரிலிருந்து சுமக்கவேண்டாம். மூடிய அறையில் கரி அடுப்பு மூட்டுவது கூடவே கூடாது. அதன் நச்சுவாயு மணமின்றி உயிர் குடிக்கும். இவற்றை எழுதுங்கள்.

கோடையையும் எழுதுங்கள். வெயில் நமக்குப் பழகியதுதானே என்று எண்ணுவதும் தவறு. மே மாதத்து 'லூ' காற்றில் வியர்வை உடனே உலர்ந்துவிடுவதால், உடம்பில் நீர் வற்றுவதே தெரியாது. இவ்வூர் உழைப்பாளிகளைப் பாருங்கள்: முழுக்கைச் சட்டை, தலையையும் காதையும் சுற்றிய பருத்தித் துண்டு. அரைக்கைச் சட்டையோடு வெறுந்தலையாகத் திரியும் நம்மைவிட அவர்கள் அறிவாளிகள்.

இரண்டாவது, சங்க அறையில் ஒரு பெட்டி. படிப்பு முடித்துத் தெற்கே திரும்புகிறவர்களுக்கு அங்கே கம்பளி எதற்கு? துவைத்துப் பெட்டியில் இட்டுச் செல்லட்டும். அக்டோபரில் பெட்டி திறந்திருக்கட்டும்; பெயர் எழுதும் பதிவேடு வேண்டாம். மூன்றாவது, காலை வகுப்புக்கு வராதவனைக் கேலி செய்யுமுன் அவன் அறைக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். எனக்குத் தாமதமாக வந்த புத்தி இது.

வருகிற மே மாதம் நான் விடைபெறுகிறேன். பழுப்புநிறக் கம்பளிச் சட்டை ஒன்று, முழங்கையில் சிறு தையலுடன், என்னிடம் இருக்கிறது. பெட்டி வந்தாலும் வராவிட்டாலும் அதைச் சங்க அறையில் வைத்துவிட்டுத்தான் வண்டி ஏறுவேன்.