கூட வந்தவர்களுக்கும் ஒரு நாற்காலி

மனநலப் புறநோயாளிப் பிரிவில் நோட்டைத் திறந்ததும் நாம் கேட்கும் கேள்வி, "கூட யாரும்மா வந்திருக்கீங்க?" என்பதுதான். பதில் சொல்ல ஆள் இருக்கும். உத்திரமேரூர், வாலாஜாபாத் சுற்றுக் கிராமங்களிலிருந்து ஏனாத்தூருக்கோ காஞ்சிபுரத்துக்கோ சிகிச்சைக்கு வருகிற பதினாறு, பதினெட்டு வயதுப் பிள்ளைகள் தனியாக வருவது அரிது. அம்மா நூறு நாள் வேலையை விட்டுவிட்டு வருவார். அம்மாவால் முடியாத அன்று ஆயா வருவார். ஒரகடம் கம்பெனியில் இரவு ஷிப்ட் முடித்த அண்ணன் வீட்டுக்குப் போகாமல் நேராக வந்து நிற்பார். நிற்கத்தான் வேண்டும், அறையில் இருப்பது பிள்ளைக்கான ஒரு ஸ்டூல். தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி, தானாகச் சிரிக்கிறானா, யாரையாவது அடித்தானா என்று கேட்போம். அவர் சொல்வார், நாம் எழுதிக்கொள்வோம். முடிவில் "மாத்திரைய விடாம குடுங்க, அடுத்த மாசம் வாங்க" என்று அனுப்பிவைப்போம்.

நம்மில் பெரும்பாலோருடைய அறை இப்படித்தான் நடக்கிறது. பிள்ளையை அழைத்துவருவது, மாத்திரை கொடுப்பது, இரவில் கண்விழிப்பது, அக்கம்பக்கத்துப் பேச்சைத் தாங்குவது எல்லாம் குடும்பத்தின் பொறுப்பு. என்ன மருந்து, எவ்வளவு காலம், பள்ளிக்கு எப்போது திரும்புவது, எதை வைத்துக் குணம் என்று சொல்வது என்பவை நம் பொறுப்பு. இளையோர் மனநலச் சேவையில் குடும்பம் சமபங்காளியாக இருக்க வேண்டும் என்று கருத்தரங்குகளில் பேசுகிறோம். ஆனால் நம் நாட்டில் குடும்பம் தானாகவே வந்து நிற்பதால், அந்த வேலை முடிந்துவிட்டதாகவே நடந்துகொள்கிறோம். வந்து நிற்பது பங்கு ஆகாது.

இந்தியாவில் மனநல மருத்துவமனைக்குள் குடும்பம் வந்த கதை பெருமைக்குரியது. 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர், வளாகத்தில் கூடாரம் அடித்து நோயாளிகளின் உறவினர்களைத் தங்கவைத்தார். வேலூர் சிஎம்சியின் மனநல மையம், டாக்டர் ஃப்ளாரன்ஸ் நிக்கல்ஸ் முனைப்பில் 1957இல் தொடங்கியபோதே உறவினர் ஒருவர் கூடத் தங்குவதைச் சிகிச்சையின் பகுதியாக்கியது. மேலை நாடுகளில் தாயைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் கோட்பாடுகள் செல்வாக்கோடு இருந்த காலம் அது. அப்போது இங்கே தாய் வார்டுக்குள் இருந்தார். ஆள் பற்றாக்குறையும் இதற்கு ஒரு காரணம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. நமக்குக் கவலை தர வேண்டியது வேறு: அந்த முன்னோடிகள் உறவினரோடு உட்கார்ந்து பேசினார்கள், கற்றுக்கொடுத்தார்கள்; நாம் அவர்களிடமிருந்து உறவினரைக் கூடத் தங்கவைக்கும் பழக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

குடும்பம் கூட இருப்பதால் என்ன நடக்கிறது என்பதற்கு நம் பக்கத்திலேயே நல்ல ஆய்வு இருக்கிறது. டாக்டர் சாரதா மேனன் 1984இல் சென்னையில் நிறுவிய ஸ்கார்ஃப் அமைப்பும், கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகமும் சேர்ந்து, முதன்முறை மனச்சிதைவுக்கு ஆளான இளையோரை இரண்டு ஆண்டுகள் ஒரே வகைச் சிகிச்சைமுறையில் பின்தொடர்ந்தன. மான்ட்ரியலில் 165 பேர், சென்னையில் 168 பேர். முடிவுகள் 2020இல் வெளிவந்தன. குரல் கேட்பது, சந்தேகம் போன்ற அறிகுறிகள் இரண்டு ஊரிலும் ஏறக்குறைய ஒரே அளவில் தணிந்தன. ஆனால் ஒதுங்கிப்போதல், பேச்சும் ஆர்வமும் வற்றுதல் போன்றவற்றில் சென்னைப் பிள்ளைகள் நன்றாகத் தேறினார்கள். பாதியில் சிகிச்சையை விட்டுப் போனவர்கள் மான்ட்ரியலில்தான் அதிகம். சேவையோடு குடும்பத்துக்கு இருந்த தொடர்பு சென்னையில் கூடுதல். இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்றே நான் நம்புகிறேன். சிகிச்சைக் கையேடு ஒன்றாகவே இருந்தும், பிள்ளையை மறுமுறை அறைக்கு அழைத்துவந்த கை எது என்பதில்தான் வேறுபாடு.

இன்னும் நெருக்கமான சான்று காஞ்சிபுரம் மாவட்டத்திலேயே கிடைத்தது. மனச்சிதைவு உள்ளவர்களுக்கு வீடுதேடிப் போய்த் துணைசெய்யும் கோப்சி ஆய்வு 2009, 2010 ஆண்டுகளில் மூன்று இடங்களில் நடந்தது: கோவா, மகாராஷ்டிராவின் சதாரா, நம் காஞ்சிபுரம். மருத்துவமனைச் சிகிச்சை பெறுவோரோடு, அதனுடன் பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர் வீட்டுக்கும் வருவோரை ஒப்பிட்டார்கள். மொத்தம் 282 பேர். பணியாளர்கள் மருத்துவப் பட்டம் பெற்றவர்கள் அல்லர். நோயாளியோடும் வீட்டாரோடும் உட்கார்ந்து நோயை விளக்கினார்கள், மருந்து தவறாமல் இருக்க வழி பேசினார்கள், வேலைக்கும் உதவித்தொகைக்கும் துணை நின்றார்கள். 2014இல் லான்செட்டில் வந்த முடிவுகளில், மூன்று இடங்களில் மிகத் தெளிவான பலன் தெரிந்தது தமிழ்நாட்டுக் கிராமப்புறத்தில்தான். வேறு சேவை அதிகம் எட்டாத இடத்தில் வீட்டுக்குள் ஒருவர் போய் உட்கார்ந்தது பெரிய வேறுபாட்டைத் தந்தது என்றே நான் இதைப் படிக்கிறேன். இந்த மாவட்டத்தில் பணிசெய்யும் இளம் மருத்துவர்களில் எத்தனை பேருக்கு இந்த ஆய்வு இங்கே நடந்தது தெரியும்?

சமபங்கு என்பதைச் சிறிய, கைக்கெட்டும் விஷயத்தில் வைத்துப் பார்ப்போம். பத்தொன்பது வயதுப் பெண்ணுக்கு ரிஸ்பெரிடோன் தொடங்குகிறோம். அந்த மருந்து புரோலாக்டினைக் கூட்டும், மாதவிலக்கு தள்ளிப்போகலாம், நின்றும்போகலாம் என்பது நமக்குப் பாடம். வீட்டில் அது பாடமல்ல. கல்யாணமாகாத பெண்ணுக்கு இரண்டு மாதம் தள்ளிப்போனால் அந்த வீட்டில் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அம்மா யாரிடமும் சொல்ல மாட்டார். பெண்ணை உலுக்கிக் கேட்பார். பரிசோதனைக் கிட் வாங்க பக்கத்து ஊர் மருந்துக்கடைக்குப் போவார். பிறகு மாத்திரையை நிறுத்துவார். ஆறு வாரம் கழித்துப் பெண் பழைய நிலைக்குத் திரும்பி வரும்போது நாம் நோட்டில் எழுதுவது "மருந்து ஒழுங்காக உட்கொள்ளவில்லை" என்று. சொல்லாமல் விட்டது நாம்; பழி வீட்டின் மேல். மருந்து தொடங்கும் நாளிலேயே, அம்மாவை உட்காரவைத்து, பெண்ணும் கேட்க, "இப்படி ஆகலாம், பயப்படாதீங்க, நிறுத்தாதீங்க, எங்ககிட்ட வந்து சொல்லுங்க, வேற மருந்து இருக்கு" என்று சொல்ல ஐந்து நிமிடம் போதும். கால் ஒரு இடத்தில் நிற்காமல் தவிப்பது, ஓலான்சபினால் உடல் பருப்பது, பகலில் தூக்கம் என எல்லாவற்றுக்கும் இதே கதை. தகவல் தெரியாதவரிடம் முடிவில் பங்கு கேட்பது வெறும் சடங்கு.

சட்டம் இதில் நமக்கு முன்னே நிற்கிறது. 2018 மே 29 முதல் நடைமுறையில் உள்ள மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவரை உள்நோயாளியாகச் சேர்த்தால் நியமனப் பிரதிநிதியோ அவர் அமர்த்தும் துணையோ சிகிச்சைக் காலம் முழுவதும் கூடவே இருக்க வேண்டும் என்கிறது 87ஆம் பிரிவில். நோய், சிகிச்சை பற்றிய தகவல் கேட்கும் உரிமையும், வீட்டுக்கு அனுப்பும் திட்டத்தில் பங்கும் 17ஆம் பிரிவில் அந்தப் பிரதிநிதிக்கு உண்டு. பதினெட்டு முடிந்ததும் நிலை மாறுகிறது: 14ஆம் பிரிவின்படி தனக்கு யார் பிரதிநிதி என்பதைப் பிள்ளையே எழுதிக்கொடுக்கலாம். அது அப்பாவாக இருக்க வேண்டியதில்லை. அத்தையாகவோ, மணமாகிப்போன அக்காவாகவோ, கூடப் படித்த நண்பனாகவோ இருக்கலாம். அப்படி எழுதிக்கொடுக்க ஒரு தாளை நம்மில் எத்தனை பேர் ஒரு பிள்ளையிடம் நிதானமாக நீட்டியிருக்கிறோம்? கூட வந்த ஆண் எவரோ அவரிடம் கையெழுத்து வாங்கிவிடுவதுதான் வழக்கம். குடும்பம் என்றால் யார் என்று முடிவுசெய்ய வேண்டியது அந்தப் பிள்ளை. பல வீடுகளில் நோயை முதலில் கண்டுபிடித்ததும், பணம் புரட்டியதும், பேச்சுக் கொடுத்ததும் அத்தைதான். நம் நோட்டில் அவர் பெயர் இருக்காது.

இங்கே ஒரு நியாயமான அச்சம் எழும். எல்லாக் குடும்பமும் நல்ல குடும்பமா? இல்லை. அடிக்கிற அப்பா உண்டு. சாதி மாறிக் காதலித்ததை நோய் என்று அழைத்துவரும் வீடு உண்டு. "கல்யாணம் பண்ணா சரியாயிடும்" என்று நோயை மறைத்துத் தேதி குறிக்கும் வீடு நிறையவே உண்டு. மறைத்துச் செய்த அந்தத் திருமணங்கள் பெண்ணை எங்கே கொண்டுபோய் விடுகின்றன என்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். இதனால்தான் பிள்ளையைத் தனியே சந்திக்கும் நேரம் எந்தச் சேவையிலும் தள்ளுபடி செய்ய முடியாதது. தனியே சொன்னதில் எதை வீட்டில் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்று பிள்ளையிடம் முன்கூட்டியே கேட்டு எழுதிவைக்க வேண்டும். உயிருக்கு ஆபத்து என்றால் மறைக்க முடியாது என்பதையும் அப்போதே சொல்லிவிட வேண்டும். பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவர் மீது பாலியல் வன்முறை நடந்தது தெரியவந்தால் போக்சோ சட்டப்படி புகாரளிக்கும் கடமை நமக்கு இருக்கிறது. அங்கே பங்காளி என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆனால் இந்தச் சில வீடுகளைக் காட்டி மற்ற எல்லா அம்மாக்களையும் "வெளில இருங்கம்மா" என்று அனுப்புவதை நான் ஏற்கவில்லை. ரகசியம் காப்பது என்ற பெயரில் நம் நேரத்தைக் காத்துக்கொள்கிறோம். பிள்ளையின் ரகசியத்தைச் சொல்லாமலேயே தாயின் கேள்விகளுக்குப் பதில் சொல்ல முடியும். அவர் சொல்வதைக் கேட்பதற்கு எந்த ரகசிய விதியும் தடையில்லை.

குடும்பங்கள் நம்மிடம் வருவதற்கு முன் கோயிலுக்கும் குறிசொல்பவரிடமும் போகின்றன என்று குறைப்படுகிறோம். வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயிலில் தங்கிய 31 பேரைப் பற்றி பெங்களூரு மருத்துவர்கள் 2002இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். சராசரியாக ஆறு வாரத் தங்கலில், மருந்தில்லாமலேயே, நோயின் கடுமை அளவுகோலில் ஏறக்குறைய 20 சதவீதம் குறைந்திருந்தது. கூட இருந்து பார்த்துக்கொண்டவர்கள் வீட்டாரே. மருந்தைக் கைவிடச் சொல்லி இதைக் குறிப்பிடவில்லை. அங்கே கூட வந்தவருக்கு இடமும் வேலையும் மரியாதையும் இருந்தன. நம் அறைகளில் அவை இல்லை.

பணியைத் திட்டமிடும்போதே குடும்பம் உள்ளே இருக்க வேண்டும் என்பது இதன் அடுத்த படி. சென்னையில் 1989இலேயே குடும்பத்தினர் சேர்ந்து 'ஆஷா' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். ஆனால் அப்படிப்பட்ட குரல் மாவட்ட அளவில் நம் கூட்டங்களில் ஒலிப்பதில்லை. தேசிய மனநலக் கணக்கெடுப்பு (2015-16) 13 முதல் 17 வயது வரையுள்ளோரில் 7.3 சதவீதத்தினருக்கு மனநலச் சிக்கல் இருப்பதாகக் கண்டது. ஒரு தாலுகாவில் இது எத்தனை வீடு! அந்த வீடுகளில் இரண்டு பேரையாவது கேட்டிருந்தால், இளையோர் கிளினிக்கை ஏன் வேலைநாள் காலையில் வைக்கிறீர்கள் என்று கேட்டிருப்பார்கள். சனிக்கிழமை மாலை இருந்தால் பள்ளி போகாது, கூலியும் போகாது, ஷிப்ட் அண்ணனும் வரலாம். உத்திரமேரூரிலிருந்து கடைசிப் பஸ் எத்தனை மணிக்கு என்பது அவர்களுக்குத் தெரியும். கூட்டத்துக்கு வரும் தாய்க்கு ஒரு நாள் கூலியும் பஸ் காசும் கொடுக்க வேண்டும். நிபுணருக்குப் பயணப்படி கொடுக்கிறோம். இவரும் தான் அறிந்ததைச் சொல்லத்தான் வருகிறார்.

முதுநிலை மாணவர்களுக்கு இன்று குடும்ப நேர்காணல் என்பது வரலாறு சேகரிக்கும் பயிற்சி. முதலாண்டு மாணவர் ஒவ்வொருவரும் ஒரு பிள்ளையின் வீட்டுக்கு, வீட்டார் அழைத்தால், பயிற்சியாளரோடு போய்வர வேண்டும் என்று துறைத் தலைவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். பட்டுத்தறி வைத்த ஒரே கூடத்தில் படுத்தெழும் வீட்டில், தறி ஓடும் பகலில் தூக்க மாத்திரை போட்ட பையன் எங்கே படுப்பான் என்பது புறநோயாளிப் பிரிவில் தெரியாது.

இந்த இதழிலும் மாற்றம் செய்கிறோம். பதினெட்டு முதல் இருபத்தைந்து வயதுக்கு உட்பட்டவர்கள் பற்றி அனுப்பப்படும் நோயாளி அறிக்கைகளில், அவர்கள் இசைவு தந்திருந்தால், குடும்பத்தினர் தம் சொற்களில் தரும் ஒரு பக்கக் குறிப்பு இனி சேர்க்கப்பட வேண்டும். அதைவிட இளையவர்கள் என்றால் பிள்ளையின் விருப்பத்தையும் கேட்ட பிறகு. சேவை பற்றிய ஆய்வுக் கட்டுரைகளில், ஆய்வின் கேள்விகளை வகுக்கும்போது எந்தக் குடும்பத்தினரோடாவது கலந்தாலோசித்தீர்களா, இல்லையென்றால் ஏன் என்று ஒரு பத்தி எழுத வேண்டும். மதிப்பீட்டாளர் குழுவில் நோயாளியைப் பராமரித்த இருவரைச் சேர்க்கும் பேச்சு நடந்துவருகிறது. பெயர்களைப் பரிந்துரைக்க விரும்புவோர், சம்பந்தப்பட்டவரின் சம்மதம் பெற்ற பிறகு, ஆசிரியர் குழுவுக்கு எழுதலாம். அவர்களுக்கும் மற்ற மதிப்பீட்டாளர்களுக்குத் தரும் அதே தொகையே தரப்படும்.