ஆழ்கடல் அடித்தள மீன்களுக்குத் தனி மேலாண்மை விதிகள் வகுக்கக் கோரும் மனு

பெறுநர்: செயலர், ஒன்றிய மீன்வளத் துறை, புதுதில்லி, ஆணையர், மீன்வளம் மற்றும் மீனவர் நலத் துறை, சென்னை.

அனுப்புநர்: ஆழ்கடல் மீனவர் சங்கம், கன்னியாகுமரி மாவட்டம்.

பொருள்: ஆழ்கடல் அடித்தள மீன்களின் வாழ்க்கைச் சுழற்சிக்கு ஏற்ற பிடிப்பு விதிகள்.

கடலில் 200 மீட்டருக்குக் கீழே ஒளிச்சேர்க்கைக்குப் போதுமான வெளிச்சம் இல்லை. 1,000 மீட்டருக்குக் கீழே சூரிய ஒளியே எட்டுவதில்லை. தண்ணீர் குளிர்ந்து கிடக்கிறது. மேலடுக்கிலிருந்து இறங்கிவரும் இரையையும் மட்கிய பொருளையும் நம்பியே அங்குள்ள பெரும்பாலான உயிர்கள் வாழ்கின்றன. ஆகவே அந்த ஆழத்தின் பல மீன்கள் மெல்ல வளர்ந்து, காலம் கடந்து பருவமடைந்து, நெடுங்காலம் உயிர்வாழ்கின்றன. சாளை ஏறத்தாழ ஓராண்டில் சினைப்பிடிக்கும். கேரை எனப்படும் மஞ்சள் துடுப்புச் சூரை இரண்டு மூன்று ஆண்டுகளில் பருவமடைந்து லட்சக்கணக்கில் முட்டையிடும். ஆழ்கடல் அடித்தள மீன்களை இந்தக் கணக்கில் சேர்க்க இயலாது.

இதற்கு உலகம் கண்ட பெரிய சான்று ஆரஞ்சு ரஃபி என்னும் ஆழ்கடல் மீன். நியூசிலாந்தின் சாதம் மேட்டுப் பகுதியில் 1979-இல் இதன் வணிகப் பிடிப்பு தொடங்கியது. கடலடி மலைகளைச் சுற்றி இனப்பெருக்கத்துக்காகத் திரளும் இந்த மீனை இழுவலை ஒரே வீச்சில் டன் கணக்கில் அள்ளியது. 1980-களின் இறுதியில் நியூசிலாந்தின் ஆண்டுப் பிடிப்பு 50,000 டன்னைத் தாண்டியது. மற்ற மீன்களைப் போலவே இதுவும் வளரும் என்ற எண்ணத்தில்தான் தொடக்கத்தில் பிடிப்பு அளவு வகுக்கப்பட்டது. பின்னர் மீனின் காதினுள் உள்ள செவிக்கல்லின் வளையங்களை எண்ணியும், அதிலுள்ள கதிரியக்கத் தனிமங்களை அளந்தும் பார்த்தபோது, இந்த மீன் பருவமடையவே 20 முதல் 40 ஆண்டுகள் ஆகும் என்பதும் நூறாண்டுக்கு மேல் வாழும் என்பதும் தெரிந்தது. அதற்குள் பல களங்கள் வெறுமையாகிவிட்டன. சேலஞ்சர் பீடபூமிக் களம் 2000-இல் மூடப்பட்டு, பத்தாண்டு கழித்தே மீண்டும் திறக்கப்பட்டது. ஆஸ்திரேலியா 2006-இல் இந்த மீனைப் பாதுகாப்புக்குரிய இனங்களில் சேர்த்தது. படகுகள் முதலில் போயின, அறிவியல் பின்னால் வந்தது. இழப்புக்கு அதுவே காரணம்.

இந்தியப் பெருங்கடலிலும் இதே பாடம் உண்டு. ஈரல் எண்ணெய்க்காகப் பிடிக்கப்படும் சென்ட்ரோஃபோரஸ் வகை ஆழ்கடல் சுறாக்கள் பெரும்பாலும் 200 முதல் 1,000 மீட்டர் ஆழத்தில் வாழ்பவை. இவற்றின் பெரிய ஈரலில் ஸ்குவாலீன் என்னும் எண்ணெய்ப் பொருள் நிறைந்துள்ளது. அழகுசாதனப் பொருள்களுக்கும் மருந்துகளுக்கும் அது தேவைப்படுகிறது. பெண் சுறா பருவமடையப் பல ஆண்டுகள் ஆகும். குட்டியை வயிற்றில் சுமக்கும் காலம் இரண்டு ஆண்டு வரை நீளும். ஓர் ஈற்றில் பெரும்பாலும் ஒன்றிரண்டு குட்டிகளே. மாலத்தீவில் 1980-இல் தொடங்கிய இந்தச் சுறா வேட்டை சில ஆண்டுகளிலேயே உச்சத்தைத் தொட்டுச் சரிந்தது. சுறா பிடிப்பு முழுவதையும் அந்நாடு 2010-இல் தடை செய்தது.

தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை முதலிய ஊர்களின் மீனவர்கள் ஆயிரங்கால் தூண்டிலுடன் நெடுங்கடலில் சுறா பிடிப்பதில் பெயர் பெற்றவர்கள். அவர்களின் பிடிப்பில் பெரும்பகுதி கொச்சித் துறைமுகத்தில் இறங்குகிறது. கொல்லம் கடலுக்கு வெளியே ஆழ்கடல் இறால் இழுவலைத் தொழில் 1990-களின் இறுதியிலிருந்து நடக்கிறது. அந்த வலைகளிலும் ஆழ்கடல் சுறாக்களும் வேறு அடித்தள மீன்களும் சேர்ந்து ஏறுகின்றன. இந்தத் தொழிலை நிறுத்தச் சொல்லி இம்மனு எழுதப்படவில்லை. தொழில் அடுத்த தலைமுறைக்கும் கிடைக்க வேண்டும் என்பதே சங்கத்தின் அக்கறை.

நடப்பிலுள்ள விதிகள் இந்த மீன்களுக்குப் பொருந்துவதில்லை. மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையிலான 61 நாள் தடைக்காலம் கரையோர மீன்களின் இனப்பெருக்கத்துக்கு உதவுகிறது. இரண்டாண்டு குட்டி சுமக்கும் சுறாவுக்கு அதனால் கிடைப்பது மிகக் குறைவு. சிறு மீனைத் திரும்ப விடுங்கள் என்ற விதியும் இங்கே பயன் தராது. அழுத்தமும் வெப்பமும் சட்டென மாறும் தூரத்தை ஏறிவந்த மீன் பெரும்பாலும் பிழைப்பதில்லை. எனவே எந்த ஆழத்தில், எந்த இடத்தில், எவ்வளவு பிடிக்கலாம் என்பதே இங்கு விதியாக வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2016-இல் தன் கடலில் 800 மீட்டருக்குக் கீழே அடித்தள இழுவலையைத் தடை செய்தது இத்தகைய விதிதான். ஆழ்கடல் அடித்தளத்தில் நூற்றாண்டுகளாக வளர்ந்த குளிர்நீர்ப் பவளங்களும் உள்ளன. இழுவலை ஒருமுறை உழுதால் அவை மீள்வது ஒரு மனித ஆயுளில் நடக்காது.

ஆகவே சங்கம் முதலாவதாகக் கோருவது, மேலடுக்கில் திரியும் சூரைக்கும் அடித்தள மீன்களுக்கும் தனித்தனி விதிகள். பாக் நீரிணை இழுவைப் படகுகளைச் சூரைத் தூண்டில் படகுகளாக மாற்ற 2017-இல் தொடங்கிய மானியத் திட்டம் மேலடுக்கு மீனுக்கு உரியது. அதைச் சங்கம் வரவேற்கிறது. அதே மானியம் அடித்தள இழுவலைக்குச் செல்லக்கூடாது. இந்திய மீன்வள அளவை நிறுவனமும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனமும் ஓர் இனத்தின் வயதையும் இருப்பையும் மதிப்பிட்டு முடிக்கும்வரை, அந்த இனத்துக்கான புதிய களம் எதையும் திறக்கக்கூடாது.

அடுத்து, துறைமுகங்களில் ஆழ்கடல் சுறாக்கள் யாவும் ‘சுறா’ என்ற ஒரே தலைப்பில் பதிவாகாமல் இனவாரியாகவும் பிடித்த ஆழத்துடனும் பதிவாக வேண்டும். தமிழ்நாட்டுப் படகுகள் கேரளத்தில் இறக்கும் மீனும் இக்கணக்கில் சேர வேண்டும். ஈரல் எண்ணெய் வாங்குவோர் கொள்முதலைக் கணக்குக் காட்ட வேண்டும். கட்டுப்பாடு தூண்டில் போடுபவர் மீது மட்டும் விழுவது நியாயமாகாது. குட்டி ஈனும் இடங்கள் கண்டறியப்பட்டால் அவற்றை மூடலாம். அந்த இடங்களை நீண்ட அனுபவத்தால் அறிந்த மீனவர்கள் ஆய்வுக் குழுவில் இடம்பெற வேண்டும். மூடலால் வருமானம் இழக்கும் படகு உரிமையாளர்களுக்கு மட்டுமன்றி, படகுத் தொழிலாளர்களுக்கும் தடைக்கால நிவாரணத்தைப் போன்ற உதவித்தொகை தேவை.

மாநிலச் சட்டத்தின் எல்லை 12 கடல் மைலோடு முடிகிறது; இந்த மீன்கள் பெரும்பாலும் அதற்கு அப்பால் உள்ளன. எனவே ஒன்றிய அரசும், தமிழ்நாடு, கேரள அரசுகளும் மீனவர் சங்கங்களோடு ஒரே மேசையில் அமர்ந்து இவ்விதிகளை வகுக்க, வரும் மீன்பிடிப் பருவத்துக்கு முன் கூட்டம் ஒன்றைக் கூட்டுமாறு சங்கம் பணிவுடன் வேண்டுகிறது.